அப்பா, அம்மா போன பிறகு வந்த வசூல்காரர்கள்: கொங்குப் பக்க அனுபவங்கள்

சோமனூர்ப் பக்கம், விசைத்தறி:

எங்கப்பா 8 தறி போட்டுக் கூலிக்கு நெய்தவருங்க. அவர் போனப்ப எங்களுக்குத் தெரிஞ்ச கடன் ஒண்ணு, தெரியாதது நாலஞ்சு. பந்தல் பிரிக்கறதுக்குள்ள ஃபோன் வந்துருச்சு. ஒரு வங்கியோட கிரெடிட் கார்டு நிலுவை. பேசின பையன் மரியாதையாத்தான் ஆரம்பிச்சான். "நீங்கதானுங்ணா மூத்தவரு?" இறப்புச் சான்றிதழே இன்னும் கைக்கு வரலைன்னேன். "அது கெடக்குதுங்ணா, இப்போதைக்கு ஒரு ரெண்டாயிரம் போட்டுவிடுங்க, மேல இருக்கறவங்ககிட்ட நான் பேசிக்கறேன்"னான். கூடவே வாட்ஸ்அப்ல ஒரு கடிதம். அப்பாவோட கடனை நானே ஏத்துக்கறேன்னு எழுதியிருந்துச்சு, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாங்க.

அந்த ரெண்டாயிரமும் கையெழுத்தும்தான் அவனுக்கு வேணும். மிச்சமெல்லாம் பேச்சு.

எங்க மாமா ஒருத்தர் பல்லடத்துல வக்கீல் குமாஸ்தாவா இருந்தவர். அவர் ஒரே வரியில சொன்னார்: "மாப்ளே, அப்பன் கடன் அப்பன் வச்சுட்டுப் போன சொத்தோட நிக்கும், உன்ற சம்பளத்துக்கு வராது." சிவில் நடைமுறைச் சட்டத்துல 50, 52-ஆம் பிரிவுகள் இதைத்தான் சொல்லுதாம்: வாரிசு கைக்கு வந்த சொத்தோட அளவுக்குத்தான் பொறுப்பு. மகன்கிறதுக்காகவே அப்பன் கடனைத் தீர்க்கணும்கிற பழைய இந்துச் சட்டக் கடமையும் 2005 செப்டம்பர் 9-க்கு அப்புறம் வாங்கின கடன்களுக்கு இல்லை. ஆனா ஒண்ணு, எங்களுக்கு வீடும் தறியும் அப்பா பேர்ல இருந்துச்சு. அதனால "கட்ட முடியாது போடா"ன்னு சொல்லிட்டு நிம்மதியாத் தூங்கற நிலைமையில நாங்க இல்லை. வங்கிக்கு எழுத்துல கேட்டோம்: கணக்கு விவரம் குடுங்க, இன்சூரன்ஸ் இருக்குதான்னு பாருங்க, இனி ஃபோன் வேண்டாம், தபால்ல வாங்க. துக்க வீட்டுக்கு வசூலுக்குப் போகக் கூடாதுன்னு பல வங்கிகள் தங்களோட வசூல் விதியிலேயே எழுதி வச்சிருக்காங்க. அதைக் கடிதத்துல ஞாபகப்படுத்தினதும் பையனோட குரல் எறங்கிருச்சு. கடைசியில அசலை மட்டும் அப்பா கணக்குல இருந்த பணத்துலயே முடிச்சாங்க. "உங்க சிபில் போயிரும்"ங்கறதெல்லாம், அதாவது கடன் மார்க்கு கெட்டுரும்ங்கறதெல்லாம், சும்மா மிரட்டல். கூட்டுக் கடனோ ஜாமீனோ இல்லைன்னா அவர் கடன் என்னோட கணக்குல ஏறாது.

ரெண்டாவது ஆளு ஊர்க்காரர், கைமாத்து வட்டிக்குக் குடுக்கறவர். புரோநோட்டோட (கடன் பத்திரம்) வந்தார். ரெவின்யூ ஸ்டாம்பு மேல அப்பா கையெழுத்துத்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. திருப்பிப் பார்த்தா பின்பக்கம் வரிசையா வரவு எழுதி, ஒவ்வொண்ணுக்கும் கீழ அப்பா கையெழுத்து. கடைசி வரவுக்கு மூணு வருசம் முடியப் போகுது. "தம்பி, மரியாதைக்கு இங்க ஒரு ஐநூறு வரவு வச்சு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுருங்க, வேற ஒண்ணும் வேண்டாம்"னு பேனாவை நீட்டினார். நோட்டுக்கு ஆயுள் 3 வருசம். முடியறதுக்கு முன்னாடி பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டா அன்னையில இருந்து புதுசா 3 வருசம் ஓடும். அந்த ஐநூறு எதுக்குன்னு இப்பப் புரியும். நான் பேனாவை வாங்கலை.

ஆனா கடன் நிஜம்ங்க. அந்தப் பணத்துலதான் தங்கச்சி கல்யாணம் நடந்துச்சு. ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரை வச்சு, அஞ்சு வட்டியை ஒதுக்கிட்டு, அசலைக் குடுத்து நோட்டைக் கையில வாங்கிக் கிழிச்சோம். அவருக்கு மனசு ஆறலை, இன்னும் பார்த்தா பேசறதில்லை.

தறிக்கு உதிரி வாங்கின கடைக்காரர் ஒருத்தர் இருந்தார். கடைக் கணக்கு நோட்டுல பாக்கி எழுதியிருந்ததோட சரி, கேட்டு வரவே இல்லை. அவருக்குத்தான் முதல்ல குடுத்தோம். சட்டம் என்ன சொன்னாலும் இதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்லை.

நாமக்கல், லாரி:

சோமனூர் அண்ணன் சொன்னது சரிங்க, ஆனா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தா கதையே வேற. அப்பா லாரிக்கு நான் ஜாமீன். அவர் போன பிறகு டியூ நின்னுது. ஆர்சியை (வண்டிப் பதிவுப் புத்தகம்) பேர் மாத்த அலைஞ்சுக்கிட்டு இருக்கறப்பவே, முட்டை லோடோட போன வண்டியை பைனான்ஸ்காரங்க நடு ரோட்டுல மடக்கி சாவியைப் புடுங்கிட்டாங்க. வெயில்ல முட்டை என்னாகும்னு எங்களைக் கேளுங்க. டிரைவர் பாவம், லோடுக்காரருக்குப் பதில் சொல்ல முடியாம வண்டிக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டார். ஸ்டேஷன்ல புகார் எழுதிக் குடுத்து லோடை மட்டும் இறக்கிவிட்டோம். பாக்கியில இருந்து தப்பிக்க வழியில்லை, ஜாமீன்னா ஜாமீன்தான். பைனான்ஸ்காரர் சம்மதத்தோட நாங்களே வண்டியை வித்துக் கணக்கை முடிச்சோம். அவங்க ஏலத்துல விட்டிருந்தா இன்னும் அடி.

அந்தியூர்ப் பக்கம்:

எனக்கு அம்மா கடன். மைக்ரோ ஃபைனான்ஸ்ல வாங்கின வாரக் குழுக் கடன். கலெக்ஷன் பையன் எங்கிட்ட எதுவும் கேக்கலீங்க, குழுவுல இருந்த மத்த அக்காங்களைக் கிளப்பிவிட்டுட்டான். "உங்கம்மா கட்டாததை நாங்க கட்டணுமா கண்ணு?"ன்னு நாலு பேரு திண்ணையில வந்து உக்காந்துட்டாங்க. எல்லாரும் அம்மாவோட களை வெட்டப் போனவங்க. அவங்க மேல எனக்குக் கோபம் வரலை.

சித்தப்பா பொண்ணு அம்மாவோட கடன் அட்டையைத் தேடி எடுத்துட்டு வந்தா. அதுலயே அச்சடிச்சிருக்குது: இன்சூரன்ஸ் பிரீமியம்னு ஒரு தொகையை, கடன் குடுத்த அன்னிக்கே புடிச்சிருக்காங்க. இந்த மாதிரிக் கடன்ல வாங்கினவங்க செத்தா மிச்சம் அதுலயே கழியணும். அதைப் பையன் ஒரு வார்த்தை சொல்லலை. இறப்புச் சான்றிதழ் நகலும் அட்டை நகலும் கிளையில குடுத்து முத்திரையோட ரசீது வாங்கின பிறகுதான் அவங்க வர்றது நின்னுது. மைக்ரோ ஃபைனான்ஸ்காரங்க காலையில 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்குது. மத்த வங்கிக் கடனுக்குக் காலையில 8-லிருந்து சாயங்காலம் 7 வரைக்கும்தான் கூப்பிடலாம்.

திருப்பூர், பனியன் கம்பெனி:

சின்ன விசயம். அப்பா பிஎஃப் பணம் அம்மாவுக்கு வந்ததைத் தெரிஞ்சுக்கிட்டு ஒரு தண்டல்காரர் வீட்டுக்கே வந்துட்டார். நாமினிக்கு வந்த பிஎஃப் பணத்தை இறந்தவரோட கடனுக்குப் புடிக்க முடியாது, பிஎஃப் சட்டத்துலயே இருக்குது. அதோட தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டிக்கு எதிரா 2003-லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்குதுங்கன்னு சொன்னோம். அப்புறம் அவர் வரலை.

கரூர்:

நகைக்கடன்ல யாரும் வீட்டுக்கு வர மாட்டாங்க, அதுதான் ஆபத்து. ஏல நோட்டீஸ் மட்டும் செத்தவர் பேருக்கு வரும். வாரிசுச் சான்றிதழ் தாலுகாவுல இருந்து வர லேட்டாகும்னு தெரிஞ்சதும் அப்பா இறந்த விவரத்தை எழுதிக் குடுத்து, வட்டியை மட்டும் கட்டிக்கிட்டே இருந்தோம். நகை தப்பிச்சுது.

சோமனூர்ப் பக்கம்:

வங்கி மேல புகார் எப்படின்னு ஒருத்தர் தனியாக் கேட்டிருந்தார். முதல்ல அதே வங்கிக்கு எழுத்துல குடுங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னா, இல்ல பதில் சரியில்லைன்னா, ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன்கிட்ட (வங்கிப் புகார்களை விசாரிக்கறவர்) போங்க. காசு செலவில்லை, 14448-க்குக் கூப்பிட்டா வழி சொல்லுவாங்க.

இன்னொண்ணு. அப்பா சிம்முக்கு ரீசார்ஜ் தீர விட்டுடாதீங்க. எங்களுக்குத் தெரியாம இருந்த ரெண்டு கடன், அந்த ஃபோனுக்கு வந்த மெசேஜ்லதான் வெளிய வந்துச்சு. பார்க்க மட்டும் வச்சுக்கோங்க. வர்ற ஓடிபியை வச்சு அவர் கணக்குல இருந்து பணம் எடுக்கப் போயிடாதீங்க, பங்காளிக கேள்வி கேட்டா அது தனி வம்பு.