லேபில் சிரித்ததும், சிரிக்க முடியாமல் போனதும்

பழஈ:
பழ ஈயை வைத்து ஜீன்களை ஆராயும் லேபில் குப்பை கொட்டியவர்களுக்கு எங்கள் ஆட்கள் ஜீனுக்குப் பெயர் வைக்கும் லட்சணம் தெரியும். இதயமே உருவாகாத ஈயா, ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ கதையில் வரும் இதயமில்லாத தகர மனிதன் பெயரில் ‘டின்மேன்’. உடம்பெல்லாம் முள்ளாக இருந்த லார்வாவா, ‘ஹெட்ஜ்ஹாக்’, அதாவது முள்ளெலி. அதன் உறவு ஜீன் முதுகெலும்பிகளில் கிடைத்ததும் 1993-ல் வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரையே வைத்து ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ ஆக்கிவிட்டார்கள். வகுப்பில் இதைச் சொல்லி நானே கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

போன வருஷம் ஜெனட்டிக் கவுன்சலிங்கில் ஒரு தம்பதிக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். கருவில் மூளை இரண்டு பாதியாகச் சரியாகப் பிரியாத குழந்தை. ரிப்போர்ட்டில் ‘எஸ்எச்எச்’ என்று மூன்றெழுத்து. “இதுக்கு முழுப் பேர் என்ன சார்?” என்று கேட்டவர், நான் வாயைத் திறப்பதற்குள் போனில் தேடிவிட்டார். சிவப்பு ஷூ போட்டு ஓடும் நீல முள்ளெலி. போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

வாக்குவம் மணி:
படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. என்னுது லேசான கதைதான். இயற்பியலாளர் பௌலி வந்தாலே கருவி பழுதாகும்னு இன்னொரு இயற்பியலாளர் ஓட்டோ ஸ்டெர்ன் அவரை லேபுக்குள்ள விடலையாமே, எங்க கைடுக்கும் அதே ராசி. முதுகுக்குப் பின்னால ‘பௌலி சார்’னுதான் சொல்லுவோம். ஒரு நாள் ராத்திரி, கையில டீ கிளாஸோட வாசல்லயே நின்னு தலையை மட்டும் நீட்டினார். “பம்ப் ஓடுதா?” “ஓடுது சார்.” “அப்ப நான் உள்ள வரலப்பா.” அவருக்குத் தெரியும்கிறது எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

பூனைக்காரன்:
@பழஈ, பெயர் வைத்தவர்களை ஏன் திட்டுகிறீர்கள்? ஈக்கு வைத்த பெயர் ஆஸ்பத்திரி வரை போகும் என்று யார் கண்டார்கள்? 1975-ல் இயற்பியலாளர் ஹெதரிங்டன் தனியாக எழுதிய கட்டுரை முழுக்க ‘நாங்கள்’ என்று வந்துவிட, திரும்ப டைப் அடிக்கச் சோம்பல்பட்டுத் தன் பூனையை எஃப்.டி.சி. வில்லர்ட் என்று இணை ஆசிரியராகச் சேர்த்தார். யாருக்கு என்ன நஷ்டம்? நானும் நன்றியுரையில் ஹாஸ்டல் பூனையைச் சேர்த்தேன். அது எந்தத் துறை என்று கேட்டு ரெவ்யூவர் திருப்பி அனுப்பினார். அவ்வளவுதான்.

கவுன்சலிங் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூன்றெழுத்தைக் காட்டிவிட்டுச் சும்மா உட்காராதீர்கள். முழுப் பெயரையும் அது வந்த கதையையும் நீங்களே முதலில் சொல்லுங்கள். தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கையில் கொடுங்கள். போனில் தேட வேண்டாம், படம் வேறு மாதிரி வரும் என்று முன்கூட்டியே எச்சரியுங்கள். அப்பாவிடம் மட்டும் பேசாமல் அம்மாவையும் பார்த்துப் பேசுங்கள்.

பழஈ:
@பூனைக்காரன், யாரையும் திட்டவில்லை. கைதட்டல் வாங்கினேன் என்றுதானே எழுதினேன்? அம்மா பக்கத்தில்தான் இருந்தார். அந்தப் படத்தை அவரும் பார்த்தார்.