தோட்டா உறையின் வடிவம் உண்மையில் எதை மாற்றுகிறது?

கேள்வி:
வணக்கம். குட்டையான, பருமனான உறையில் வெடிமருந்து சீராக எரிவதால், அதே அளவு மருந்து கொள்ளும் ஒல்லியான நீண்ட உறையைவிட வேகமும் துல்லியமும் கூடும் என்று துப்பாக்கி சுடும் மூத்த போட்டியாளர்கள் பலர் சொல்கிறார்கள். 63 மி.மீ. உறை கொண்ட .30-06 தோட்டா செய்த வேலையை, 51 மி.மீ. உறை கொண்ட .308 ஏறத்தாழ அப்படியே செய்வதை இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். இது வடிவத்தால் வந்த பயன்தானா? தோளின் (உறை கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவின்) கோணத்துக்கும் இதில் பங்கு உண்டா?

மறுமொழி 1:
அந்தச் சான்று பொருந்தாது. .30-06 உருவானது 1906-இல்; .308 வெளிவந்தது 1952-இல். இடைப்பட்ட காலத்தில் மருந்தின் தரம் வெகுவாக உயர்ந்துவிட்டது, போதாததற்கு,.308-க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தமும் சற்று அதிகம் (62,000 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு; .30-06-க்கு 60,000). இன்றைய மருந்தை இரண்டிலும் இட்டுச் சுட்டால், குறிப்பாக எடை கூடிய குண்டுகளில், பெரிய உறையே முந்தும். வேகத்தைத் தீர்மானிப்பவை கொள்ளளவு, அழுத்தம், குழலின் நீளம் ஆகியவைதான். வடிவத்தின் பங்கு மிகச் சிறியது.

வடிவத்தின் வேலை வேறு இடத்தில் இருக்கிறது. சுடும் கணத்தில் உறையின் பித்தளை விரிந்து, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி விடுபடுகிறது. பக்கங்கள் நன்கு சரிந்த உறை அறைக்குள் எளிதாக நுழையும், எளிதாக வெளியேறும், 7.62×39 தோட்டாவின் சரிவு அப்படிப்பட்டது என்பதால்தான் அதற்கான மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அவ்வளவு வளைந்திருக்கிறது. பக்கங்கள் நேராக நின்றால் உறை சுவரை இறுகப் பற்றும், கொள்ளளவும் கொஞ்சம் கூடும். ஆனால் வெளியே இழுப்பது கடினமாகும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் நீளத்தின் பயனை மறந்துவிடக் கூடாது. .260 ரெமிங்டன், 6.5 கிரீட்மூர் ஆகிய இரண்டு தோட்டாக்களும் ஒரே விட்டமுள்ள குண்டைச் சுடுபவை. முதலாவதன் உறை ஏறத்தாழ 51.7 மி.மீ.; இரண்டாவதன் உறை 48.8 மி.மீ. மேகசினின் நீளம் மாறாதபோது, உறை குட்டையாக இருந்தால் காற்றை எளிதில் கிழிக்கும் நீண்ட கூர்முனைக் குண்டை, அது மருந்துக்கான இடத்துக்குள் இறங்காதபடி பொருத்தலாம். ஆகவே கிரீட்மூரின் பெயரை உயர்த்தியது 30 பாகைத் தோள் மட்டுமன்று. குண்டுக்காக உறைக்கு முன்னால் விடப்பட்ட அந்த இடமும்தான். 1975-இல் வந்த 6 மி.மீ. பி.பி.சி. தோட்டாவும் குட்டை உறை கொண்டதுதான், துல்லியப் போட்டிகளில் நீண்ட காலம் ஆட்சி செய்ததும் உண்மைதான்; ஆனால் அதைச் சுட்ட துப்பாக்கிகளும் குழல்களும் கையால் பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டவை என்பதால், வெற்றி முழுவதையும் உறையின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 3:
தோளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். .303 தோட்டாவைப் போல அடியில் துருத்திய விளிம்புள்ள உறையைப் பின்னால் பிடித்து நிறுத்துவது அந்த விளிம்பே. எனவே அறையின் தோள் சற்று முன்னே தள்ளியிருந்தால், சுடும்போது உறை அங்கே வரை நீளும். மறுபடி நிரப்பிச் சுட்ட ஒரு .303 உறையை நான் கையிலெடுத்துப் பார்த்தபோது, அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தது. நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவினால், அதே இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டது. சுவர் மெலிந்து அறுபடப் போவதன் அறிகுறி அது. அந்த உறையை உடனே நசுக்கி எறிந்தேன். செங்குத்தான தோளால் நிற்கும் விளிம்பற்ற உறை இவ்வாறு நீள்வது குறைவு. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: தோளின் கோணம் வேகத்தைவிட உறையின் ஆயுளையே அதிகம் தொடுகிறது.