உதவி: சுத்தும்போது அஞ்சாவது அடியில தடுமாறுது, அவசரம்

கந்தம்பட்டி_பைபாஸ் · செவ்வாய் இரவு 10:41
ரெண்டு வாரத்துல ஏற்காட்டுல ரிசப்ஷன், அதுல ஜோடியா டான்ஸ் ஆடணும். சுத்தற இடம் வந்தாலே அஞ்சாவது அடியில பேலன்ஸ் போயிடுது. முழுசாத் திரும்பறதுக்குள்ள முட்டியும் முட்டியும் இடிச்சுக்குது. வீடியோல இருக்கற மாதிரியேதான் செய்யறோம். என்ன தப்புன்னு யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

மூணாம்_அடி · 10:55
எந்த டான்ஸ்? வலப்பக்கச் சுத்தா, இடப்பக்கமா? லீடு பண்றது, அதாவது நடத்திக் கூட்டிட்டுப் போறது நீங்களா, ஜோடியா? அஞ்சாவது அடியில ரெண்டு பேருக்கும் வேலை வேற வேற.

சேர்வராயன்_பனி · 11:02
தரை என்ன, சோல் என்ன, அதைச் சொல்லுங்க முதல்ல. ரப்பர் சோல் கிரானைட்டைக் கவ்விப் பிடிச்சுக்கும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முறுக்கு எல்லாம் முட்டியில வந்து உக்காரும். தோல் சோல் இல்லன்னா சூயட்னு சொல்ற சொரசொரப்புத் தோல் சோல் போடுங்க. சூயட் வழவழன்னு ஆயிட்டா கம்பி பிரஷ்ல தேய்ச்சுக்கலாம். ஏற்காட்டுல அதை மாட்டிக்கிட்டு வாசல் பக்கம் போயிடாதீங்க, பனி ஈரம் ஏறினா வேலைக்கு ஆகாது. தரையில பவுடர் கொட்டற யோசனை யார் சொன்னாலும் கேக்காதீங்க.

கந்தம்பட்டி_பைபாஸ் · 11:10
வால்ட்ஸ்தான், மூணு மூணா எண்ணி ஆடறது. வலது சுத்து. ஷூ சாதா ஷூ. தரை டைல்ஸ்.

மூணாம்_அடி · 11:12
லீடு யாருன்னு சொல்லலையே?

தக்கிட · புதன் காலை 6:30
தலை சுத்துது, அதான் தடுமாற்றம். சுவத்துல ஒரு புள்ளியைப் பாருங்க. உடம்பு திரும்பினாலும் கண்ணு அங்கேயே நிக்கட்டும், கடைசியில தலையைச் சட்டுனு திருப்பிக் கொண்டு வாங்க. பரதத்துல பிரமரிங்கற சுழற்சிக்குச் சொல்றது இதுதான்.

பழைய_பலகை · 8:15
தம்பிங்களா, கேள்வியைப் படிச்சுட்டு பதில் போடற பழக்கம் இங்க யாருக்கும் இல்லையா? புள்ளி பாக்கறது தனியாச் சுத்தறவங்களுக்கு. ஜோடியா அணைச்சு நிக்கறப்ப தலையை வெட்டித் திருப்பினா ஃப்ரேம், அதாவது ரெண்டு பேரும் பிடிச்சு நிக்கற அமைப்பு, உடைஞ்சு எதிராளையும் சேத்து இழுக்கும். அவங்கவங்க தலை அவங்கவங்க இடப்பக்கம் பாத்தபடி, உடம்போட சேந்து போகணும்.

கேட்ட வலது சுத்துக்குப் பேரு நேச்சுரல் டர்ன். மொத்தம் ஆறு அடி, 3/4 சுத்து. ஹாலைச் சுத்தி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில போற ஓட்டம்தான் கணக்கு. லீடு பண்றவர் சுவர்ப்பக்கம் சாய்வாப் பாத்து ஆரம்பிச்சு, முதல் மூணுல 3/8 திரும்பினா, ஓட்டத்துக்கு முதுகு காட்டி நிப்பார். நாலாவது, இடது கால் பின்னால. அஞ்சு, வலது கால் பக்கத்துல. ஆறு, இடது வந்து சேரும். மிச்ச 3/8 சுத்து நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல.

நீங்கதான் லீடுன்னு வெச்சுச் சொல்றேன். முட்டி இடிக்குதுன்னா நாலாவது அடி குட்டையா இருக்கு. பின்னால போக பயந்து கால் பக்கத்துலயே வெச்சா, எதிர்ல வர்ற காலுக்கு வழி எங்க? அவங்க வலது கால் உங்க ரெண்டு காலுக்கு நடுவுல நுழையணும். மூக்குக்கு மூக்கு நேரா நிக்கறதும் தப்பு. ரெண்டு பேருமே அவங்கவங்க இடப்பக்கமா கொஞ்சம் விலகி நிக்கணும்.

தள்ளாட்டம்னா அஞ்சாவது அடி அகலமா இருக்கு. நாலுல இருந்து நீங்க சுத்தோட உள்பக்கம், அவங்க வெளிப்பக்கம். நாலு தாராளம், அஞ்சு சிக்கனம். பாதத்தைத் திருப்பி வைக்காதீங்க. நேராப் பின்னால வெச்சு, விரல் தொட்டு, குதிகால் இறங்கி, எடை முழுசா வந்த பிறகு திரும்புங்க. நாலுல குதிகாலைத் தூக்கினா அங்கயே கதை முடிஞ்சுது. டைல்ஸ் கோடு ஒண்ணை ஓட்டமா வெச்சு ஜோடி இல்லாம இருபது தடவை போங்க.

தக்கிட · 9:40
ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா மூணு எண்ணிக்கைன்னா தகிடதானே, அடவு பழகின காலுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல.

பழைய_பலகை · 9:52
தகிடன்னு மூணையும் ஒரே உயரத்துல மிதிச்சா அது வால்ட்ஸ் இல்ல. ஒண்ணு கீழ, ரெண்டு மூணு மேல, மூணு முடியறப்ப இறக்கம். வேகமும் நிமிஷத்துக்கு 84-90 தட்டுதான். 174-180 போச்சுன்னா அது வியன்னா வால்ட்ஸ், வேற ஜாதி.

தக்கிட · 9:58
தகிடவுலயும் ‘த’வுலதான் அழுத்தம். அதையும் தெரிஞ்சுக்கிட்டு பேசுங்க.

சேர்வராயன்_பனி · 10:20
தாளச் சண்டையில தரையை மறந்துட்டீங்க. நம்ம சுண்ணாம்புக் கரட்டு மேக்னசைட் கல்லைச் சுட்டு, மெக்னீசியம் குளோரைடு கரைசலும் மரத்தூளும் கலந்தா சோரல் சிமெண்ட் தரை. 1867-லயே வந்த சரக்கு. காலுக்கு இதமா இருக்கும், ஆனா தண்ணி ஆகாது. சேலத்துல கல்லை வெச்சுக்கிட்டு டைல்ஸ்ல வழுக்கி விழறோம்.

மூணாம்_அடி · 10:31
இழை எங்கயோ போகுது. பைபாஸ், ரெண்டு வாரம்தான்னா 3/8-ஐ விட்டுடுங்க. மூணு அடிக்கு 1/4 சுத்து போதும், 12 அடியில ஒரு முழுச் சுத்து வந்துடும். மேடையும் சின்னதாத்தான் இருக்கும்.

கந்தம்பட்டி_பைபாஸ் · ஞாயிறு மாலை 5:05
அஞ்சைச் சின்னதாக்கினேன், முன்னைவிட மோசம். நான் லீடு இல்லீங்க, அவர்தான்.

பழைய_பலகை · 5:20
இதை முதல் நாளே சொல்லியிருக்கணும்மா.

மூணாம்_அடி · 5:26
அப்ப அளவு தலைகீழ். நாலுல உங்க வலது கால் குதிகால் முதல்ல பட, அவர் ரெண்டு காலுக்கு நடுவுல நேரா முன்னால போகட்டும். வெளிப்பக்கம் நீங்கதான், அதனால அஞ்சு இடது கால் நீளமாப் போகணும். 3/8-ஐயே வெச்சுக்கறதா இருந்தா, 1/4 நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல, மிச்ச 1/8 கால் சேர்றப்ப. நீங்களா முன்கூட்டித் திரும்பாதீங்க. பழைய_பலகை எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டுங்க, கையால இழுத்துத் திருப்பறாரான்னும் பாருங்க.

கந்தம்பட்டி_பைபாஸ் · செவ்வாய் இரவு 9:47
இப்ப முட்டி இடிக்கல. அஞ்சுல லேசா ஆட்டம் இருக்கு. நன்றி எல்லாருக்கும்.

மூணாம்_அடி · 9:50
அன்னிக்குப் புடவையா, கவுனா? புடவைன்னா அந்த நீள அடிக்குக் கொசுவம் இடம் குடுக்காது, இப்பவே அதைக் கட்டிக்கிட்டுப் பழகணும்.

மூணாம்_அடி · வியாழன் காலை 7:12
பைபாஸ்?