ஹெட்லைட் மஞ்சள்: ஆவி பாலிஷா, வாட்டர் பேப்பரும் கிளியர் கோட்டுமா?

சாலையோரன்:
ஸ்விஃப்ட், 2012 மாடல். எப்பவும் வெயில்லதான் நிக்கும். ரெண்டு ஹெட்லைட்டும் மஞ்சளடிச்சு, மேல் பாதி சொரசொரன்னு இருக்கு. கடையில ஆவி பாலிஷ் பண்ணிக்கச் சொல்றாங்க, பத்து நிமிஷ வேலையாம். பண்ணலாமா? இல்ல வீட்டிலேயே தேய்ச்சிடலாமா?

வைகைக்கரை:
தாராளமா ஆவி பாலிஷ் பண்ணுங்க. 800 நம்பர் வாட்டர் பேப்பர்ல (தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், நம்பர் கூடக்கூட மென்மை) சீராத் தேய்ச்சு, கழுவி, காய வச்சு, ஒரு கப்புல திரவத்தைக் கொதிக்க வச்சு வர்ற ஆவியைக் காட்டினா கீறல் எல்லாம் கண்ணெதிரே மூடிக்கும். 2000, 3000, மெஷின்ல மெருகேத்தற பஃபிங்னு மணிக்கணக்கா மெனக்கெட வேண்டாம். ஓரம் மூலைன்னு மெஷின் பேட் போகாத இடத்துக்கும் ஆவி போகும்.

கிளியர்_கோட்:
வைகை சார், பளபளப்பு வரும், அதை மறுக்கலை. ஆனா அந்தக் கப்புல கொதிக்கிறது தண்ணியில்ல. டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம் மாதிரி கரைப்பான். லென்ஸ், அதாவது லைட்டோட முன்மூடி, பாலிகார்பனேட்ங்கற பிளாஸ்டிக். இந்த ஆவி பட்டா அதோட மேல்தோல் கரைஞ்சு ஓடிச் சமமாகுது. பளபளப்புக்குக் காரணம் அவ்வளவுதான். மேல எந்தப் பூச்சும் வரலை.

லென்ஸ் ஏன் மஞ்சளாச்சுங்கறதை முதல்ல பார்க்கணும். கம்பெனியிலிருந்து வரும்போது மேல ஒரு மெல்லிய ஹார்ட் கோட் இருக்கும், புற ஊதாக் கதிரைத் தடுக்க. வெயில் நேரா விழற மேல் பாதியில அதுதான் முதல்ல செத்துப்போகும். 800 பேப்பர் போட்டதுமே மிச்சமிருந்ததும் போயிடுது. அதுக்குப் பதில் கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) போடாம விட்டா வெறும் பிளாஸ்டிக்தான் வெயில்ல நிக்குது, மறுபடி மஞ்சளாகாம என்ன செய்யும்?

இன்னொண்ணு: அச்சுல வார்த்த லென்ஸுக்குள்ள இழுவிசை தங்கியிருக்கும். கரைப்பான் பட்டா அந்த இடங்கள்ல மயிரிழை விரிசல் விழும். டார்ச்சைப் பக்கவாட்டில பிடிச்சா மூலையில மின்னும். அது ஆழத்துல இருக்கிறதால தேய்ச்சாலும் போகாது.

வைகைக்கரை:
கொஞ்சமா, விட்டு விட்டு ஆவி காட்டினா விரிசல் வராது. ஒரே இடத்துல கப்பை நிறுத்தறவங்க பண்ற கூத்து அது. நீங்க சொல்ற கிளியர் கோட் மட்டும் என்ன வாழுதாம்? ஆறு மாசத்துல தோல் உரியற மாதிரி உரிஞ்சு, மஞ்சளைவிட அசிங்கமா நிக்கிற வண்டிகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாமே.

கிளியர்_கோட்:
உரியறது உண்மை. ஆனா காரணம் கிளியர் இல்ல, அடித்தளம். பழைய ஹார்ட் கோட் முழுசாப் போகாம திட்டுத் திட்டா நிக்கும், அந்தத் திட்டோட விளிம்புலதான் உரிய ஆரம்பிக்கும். 800ல தேய்க்கும்போது முதல்ல மஞ்சளா ஒரு குழம்பு வழியும். அது வெள்ளையாகி, துடைச்சுக் காய வச்சா லென்ஸ் முழுக்க ஒரே மாதிரி மங்கலாத் தெரியணும். எங்கயாவது வரைபடக் கோடு மாதிரி விளிம்பு தெரிஞ்சா இன்னும் தேய்க்கணும்.

ரெண்டாவது காரணம், 3000 வரை போய் காம்பவுண்ட்ங்கற பாலிஷ் பசை போட்டு மெருகேத்திட்டு அதுமேல அடிக்கிறது. வழவழன்னு இருந்தா கிளியருக்குப் பிடிப்பில்ல. காம்பவுண்ட்ல சிலிகான் இருந்தா மீன்கண் மாதிரி குழி விழும். 800 கிடைமட்டமா, 1000 செங்குத்தா, கடைசியா 1500, அதோட நிறுத்துங்க. மங்கலா இருக்கேன்னு பயம் வேண்டாம், தண்ணி தெளிச்சுப் பாருங்க. அப்ப எப்படித் தெரியுதோ கிட்டத்தட்ட அப்படித்தான் கிளியர் அடிச்சதும் தெரியும்.

ஈரோடு_பைபாஸ்:
டூத்பேஸ்ட் போதாதா? கொசு விரட்டி க்ரீம் தடவினாலும் பளிச்சுன்னு ஆகுதே.

கிளியர்_கோட்:
டூத்பேஸ்ட் மெல்லிய உராய்வுப் பொருள், அவ்வளவுதான். சில கொசு விரட்டியில இருக்கிற டீட்ங்கற ரசாயனம் பாலிகார்பனேட்டை இளக்கும், அதனாலதான் அந்தப் பளிச். பெட்ரோல், தின்னர் ரெண்டையும் கிட்டயே கொண்டுபோகாதீங்க. துடைக்க ஐசோப்ரோபைல் ஆல்கஹால் போதும்.

சாலையோரன்:
சரி, கிளியர் எது வாங்கணும்? எப்படி அடிக்கணும்?

கிளியர்_கோட்:
ஹார்ட்னரோட (பூச்சை இறுக வைக்கிற திரவம்) வர்ற 2கே ஸ்ப்ரே கேன். ஹார்ட்னர் இல்லாத சாதா 1கே கிளியர் வெயில்ல நிக்காது. அடியில இருக்கிற பட்டனை அழுத்தி ஹார்ட்னரைத் திறந்ததும் ரெண்டு நிமிஷம் நல்லாக் குலுக்குங்க. திறந்த கேன் ஒண்ணு ரெண்டு நாள்ல உள்ளயே இறுகிடும், அதனால ரெண்டு லைட்டையும் ஒரே நாள்ல முடிச்சிடுங்க. பானெட், பம்பர் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப், பேப்பர். 20–25 செ.மீ. தள்ளி நின்னு முதல் கோட் பனி படர்ந்த மாதிரி லேசா. அதுதான் முக்கியம்: முதல் கோட்டையே நனைய அடிச்சா கிளியர்ல இருக்கிற கரைப்பானே லென்ஸ்ல விரிசல் விழ வைக்கும். பத்து நிமிஷம் விட்டு ரெண்டு ஈரக் கோட். மழைக்காலத்துல, ஈரக்காத்துல அடிச்சா பால் மாதிரி வெளுக்கும். ஒரு நாள் முழுக்கத் தண்ணி படக்கூடாது.

ஹார்ட்னர்ல ஐசோசயனேட்ங்கற நச்சுப்பொருள் இருக்கு. துணி மாஸ்க், என்95 எதுவும் அதைத் தடுக்காது; ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேணும், வேலையைத் திறந்தவெளியில பண்ணணும்.

வைகைக்கரை:
ஆக உங்க வழியிலயும் விஷம் இருக்குல்ல?

கிளியர்_கோட்:
இருக்கு, அதனாலதான் மாஸ்க்கை இவ்வளவு அழுத்திச் சொல்றேன். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும், உள்ள போனா உடம்பு அதைக் கார்பன் மோனாக்சைடா மாத்தும். அமெரிக்காவில 2024ல பெரும்பாலான பயன்பாட்டுக்குத் தடையே போட்டாங்க. கடையில தினம் அதை மூடின ஷெட்டுக்குள்ள சுவாசிக்கிற பசங்களை நினைச்சுப் பாருங்க சார்.

வைகைக்கரை:
மூடின ஷெட்டுல பண்றது தப்பு, அதுல எனக்கு மாற்றுக்கருத்தில்ல. ஆனா ஆவி காட்டிட்டு மேல பிபிஎஃப் (ஒட்டற பாதுகாப்பு ஃபிலிம்) ஒட்டினா யூவி பிரச்சினையும் தீர்ந்ததே?

ஈரோடு_பைபாஸ்:
பிபிஎஃப் ஒட்டறதுன்னா ஆவியே எதுக்குண்ணே? 3000 வரை தேய்ச்சு பாலிஷ் போட்டு ஒட்டிடலாம். பாழானா ஹீட் கன்ல சூடாக்கி உரிச்சுப் புதுசு. ஸ்ப்ரே பழக்கமில்லாதவங்களுக்கு அதுதான் சுலபம். டிரான்ஸ்பரன்ட் ஃபிலிம் மட்டும் வாங்குங்க, ஸ்மோக் வேண்டாம், வெளிச்சம் போயிடும்.

கிளியர்_கோட்:
அதுக்கு நானும் சரி. சாலையோரன், பேப்பர் வாங்கறதுக்கு முன்னால லென்ஸ்மேல தண்ணி ஊத்துங்க. நனைஞ்சதும் தெளிஞ்சா கோளாறு வெளியில, தேய்ச்சா போகும். நனைஞ்சும் மங்கலாவே இருந்தா விரிசலோ உள்பக்க ஈரமோ. ஈரம்னா பின்மூடி ரப்பரையும் காத்துத் துளையையும் பாருங்க. விரிசல்னா ஹெட்லைட் அசெம்பிளியையே முழுசா மாத்தறதைத் தவிர வழியில்ல.