வருடம் முழுக்க மஞ்சப்பையா? சென்னையில் எந்தப் பழக்கம் எந்த மாதத்தில் பயன் தருகிறது

நெட்டைப்பனை:
ஒவ்வொரு ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கும் "பசுமையாக வாழப் பத்து வழிகள்" என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. துணிப்பை எடுத்துப் போ, பல் தேய்க்கும்போது குழாயை மூடு, விளக்கை அணை. கோடை, மழை என்று எந்த வித்தியாசமும் கிடையாது, எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்றுகூடத் தெரியாது. சென்னைவாசிக்குச் சித்திரையில் தலைவலி கரண்ட், ஐப்பசியில் தண்ணீர் (அதுவும் கூடிப்போய்), தை பிறக்கும்போது புகை. அந்தந்த மாதத்தில் எது நெருக்குகிறதோ அதில் கை வைத்தால்தான் பலன் என்பது என் கட்சி. எல்லாவற்றையும் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்கொள்வது மனத்திருப்திக்கு மட்டும்தான். என் வரிசையில் முதலிடம், மொட்டைமாடி மழைநீர்க் குழாய்களைப் புரட்டாசிக்குள் சுத்தம் செய்வது. அடுத்தது கோடையில் சாயங்காலக் கரண்டைக் குறைப்பது. மஞ்சப்பைக்கு ஏழாவது எட்டாவது இடம். வாங்க, சண்டை போடலாம்.

மாம்பலம்_கணக்கு:
வந்துவிட்டேன். 2019-ல் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அந்த வருடம் ஊரே அரை வாளியில் குளித்தது, அரிசி கழுவிய தண்ணீரைக்கூடக் கீழே ஊற்றவில்லை. நல்ல பழக்கம் என்றால் அதைவிட ஒழுங்காக யாரும் இருக்க முடியாது. ஏரி அதனாலா நிறைந்தது? மழை பெய்து நிறைந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி கட்டடமும் குப்பையுமாகிப் போனதற்கு நான் பல் தேய்த்த விதமா காரணம்? இந்த "பழக்கம்" பேச்சு ஆரம்பித்தாலே கேள்வி கேட்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நம்மை நாமே குடைந்துகொள்கிறோம். உங்கள் பட்டியல் மாதவாரியாக இருந்தாலும் அது பட்டியல்தான் நண்பரே.

நெட்டைப்பனை:
சரி, கணக்குக்கே வருகிறேன், பெயரிலேயே வைத்திருக்கிறீர்களே. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் சராசரியாக 800 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது. ஆக ஒரு மாடியில் மட்டும் 74 ஆயிரம் லிட்டர். கால் பங்கு வீணானாலும் 55 ஆயிரம், 12 ஆயிரம் லிட்டர் லாரி என்றால் நாலரை லாரி. குழாயைத் திறந்து மூடிச் சேமிப்பதை வருடக்கணக்கில் செய்தாலும் இந்த அளவு வருமா என்று நீங்களே பாருங்கள். அரசைக் கேள்வி கேட்பதைப் பற்றிச் சொன்னீர்கள். 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கு உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் அந்தக் குழாய், தண்ணீர் நிலத்தில் இறங்கத் தோண்டிய குழிக்குப் போகிறது, எத்தனை வீட்டில் நேராகத் தெருவில் விட்டிருக்கிறார்கள் என்று ஒரு மழையன்று நடந்து பாருங்கள்.

தூதுவளை:
குழிக்குள் போனால் மட்டும் போதுமா? எந்த மண் என்று பார்க்க வேண்டாமா? பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் மணல், விட்டதெல்லாம் இறங்கிவிடும், கடல் உப்பு உள்ளே ஏறாமல் தடுக்கவும் செய்யும். வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. களிமண் ஏரியாவில் மூன்றடிக் குழி தோண்டி ஜல்லி கொட்டினால் அது கொசுத் தொட்டி, அவ்வளவுதான். அங்கெல்லாம் பழைய கிணறு இருந்தால் அதில் விட வேண்டும், இல்லை வடிகட்டி நேராகச் சம்ப்பில் விட வேண்டும்.

அப்புறம் ஒன்று. நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். மாடிச் சாவி ஓனரிடம். புரட்டாசியில் குழாய் சுத்தம் செய்ய வேண்டும் என்று நான் கேட்டால் "நீங்க ஏம்மா கவலைப்படுறீங்க" என்பார். உங்கள் முதலிடப் பழக்கம் சொந்த வீட்டுக்காரர் பழக்கம். எனக்கு மிஞ்சுவது பை, குப்பை, அடுப்படி. அதனால் ஏழாவது எட்டாவது என்று அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள்.

மாம்பலம்_கணக்கு:
அக்கா சொல்வதில் பாதி என் பக்கம். ஆனால் பையைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. சாதாரணப் பருத்திப் பை ஒன்றை, பருவநிலையை மட்டும் பார்த்தால் ஐம்பது தடவைக்கு மேல், தண்ணீர், ஓசோன் என்று எல்லாத் தாக்கத்தையும் சேர்த்தால் 7,100 தடவை பயன்படுத்தினால்தான் ஒரு பிளாஸ்டிக் பைக்குச் சமமாகுமாம். கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலத்தோடு ஒரு துணிப்பை தருகிறார்கள், என் வீட்டுப் பரணில் ஒரு மூட்டை கிடக்கிறது. அதெல்லாம் பருத்தி, சாயம், தண்ணீர். எந்த ஜென்மத்தில் 7,100 தடவை?

ஆட்டுக்கல்:
டென்மார்க்கில் பிளாஸ்டிக் பையைக் குப்பைத்தொட்டியில் போட்டால் அது உலைக்குப் போய் எரிந்து மின்சாரமும் வெந்நீருமாகிறது. அந்த ஆய்வு அப்படித்தான் கணக்குப் போட்டது, தெருவில் பறக்கும் பையை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. நம்மூர்ப் பை கூவத்துக்குப் போகிறது, மழைநீர் வடிகால் வாயில் அடைத்துக்கொள்கிறது, மாட்டு வயிற்றுக்குப் போகிறது. 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் தடை வந்ததே இந்தக் குப்பைக்காகத்தான். எங்கோ சரியான எண்ணை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் எப்படி? பரணில் மூட்டை கிடப்பது பையின் தப்பு இல்லை. புதுப் பை வாங்காமல் அந்த மூட்டையிலிருந்து ஒன்றை வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு வைத்தால் முடிந்தது. கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள், அதைக்கூட நான் பெரிதாக மெச்ச மாட்டேன். ஏற்கெனவே இருப்பதை எடுத்துப் போகாதவர் அங்கே இன்னொன்று வாங்குவார், அவ்வளவுதான்.

நெட்டைப்பனை அண்ணே, உங்களிடமும் ஒரு கேள்வி. சாயங்காலக் கரண்ட் என்றீர்களே, யூனிட் யூனிட்தானே, காலையில் செலவானால் என்ன, ராத்திரி செலவானால் என்ன? நம் வீட்டு மீட்டருக்கு நேரம் பார்த்தா பில் வருகிறது?

நெட்டைப்பனை:
பில்லுக்கு வித்தியாசம் இல்லை, புகைக்கு இருக்கிறது. 2024 மே தொடக்கத்தில் தமிழ்நாட்டின் மின்தேவை 20 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டியது. பகலில் எவ்வளவு தேவை ஏறினாலும் சூரிய மின்சாரம் கை கொடுக்கிறது. ஆறரை மணிக்கு வெயில் இறங்கியதும் அது பூஜ்யம், ஆனால் எல்லா வீட்டிலும் அப்போதுதான் ஏசி ஓட ஆரம்பிக்கிறது. அந்த இடத்தை நிரப்புவதில் பெரும் பங்கு நிலக்கரிக்கு. அதனால் சித்திரை வைகாசியில் வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் முற்பகலுக்கு மாற்றினால் ஒரு பைசா செலவில்லாமல் அதே யூனிட் வேறு இடத்திலிருந்து வருகிறது. ஆடி வந்துவிட்டால் கதை வேறு. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் சுழன்றடிக்கும் மாதங்கள், அப்போது சாயங்காலத்துக்கு இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. மாதம் பார்த்துப் பழகு என்று நான் சொல்வது இதைத்தான்.

மாம்பலம்_கணக்கு:
ஒத்துக்கொள்ளும்படி இருக்கிறது, ஆனால் வேலைக்குப் போகிற வீட்டில் முற்பகலில் மெஷின் போட யார் இருக்கிறார்கள்? டைமர் இருக்கிற மெஷினுக்குச் சரி. என்னைக் கேட்டால் நேரத்தைப் பார்த்து ஓடுவதைவிட ஒருமுறை காசு போட்டு மறந்துவிடுவது மேல். பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். மூன்று ஃபேன் தினம் பதினாறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 130 யூனிட் மிச்சம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால் எல்லையில் நிற்கிற வீட்டுக்கு இது பெரிய தொகை. ஏசியை ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020-லிருந்து புது ஏசி போட்டவுடன் 24-ல் நிற்பதும் அவர்கள் கொண்டுவந்த விதியால்தான். பார்த்தீர்களா, பழக்கம் இல்லை, விதி. அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

தூதுவளை:
விதி 24-ல் வைத்தது, ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்குவது யார், விதியா? நல்ல கதை.

என் அடுப்படி விஷயத்தை யாரும் தொடவே இல்லை, அதனால் நானே எழுதுகிறேன். சென்னைக் குப்பை ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல், பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் போகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி கிடங்கு நாள்கணக்கில் எரிந்த புகையை நாங்கள் சுவாசித்தோம். கோடையில் அப்படித் தீப்பிடிக்கக் காரணம் அடியில் மக்கும் குப்பையிலிருந்து வரும் மீத்தேன். என் வீட்டுக் காய்கறித் தோல் அங்கே போகாமல் பால்கனித் தொட்டியில் மக்கினால் அந்த அளவுக்கு வாயு குறைவு. இதிலும் பருவம் இருக்கிறது. மாசி, பங்குனியில் புங்கை, வேம்பு இலை கொட்டும்போது இரண்டு சாக்கு அள்ளிக் கட்டி வைத்துவிட வேண்டும். கார்த்திகை மழையில் தொட்டி நசநசவென்று நாறும்போது காய்ந்த இலைதான் காப்பாற்றும். அப்போது தேடினால் எல்லாம் ஈரம், கிடைக்காது. தேங்காய் நார்த்தூள் காசு கொடுத்து வாங்கலாம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதையெல்லாம் வீட்டில் செய்பவர் யார்? இங்கே மாதவாரி அட்டவணை போடும் அண்ணன்கள் தொட்டியைக் கிளறுவீர்களா?

ஆட்டுக்கல்:
கிளறுகிறேன் அக்கா, சனிக்கிழமை என் முறை. மீதி நாள் அம்மா. பதில் திருப்தியாக இருக்காது என்று தெரியும்.

வலைக்காரன்:
கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை, மீன் இனப்பெருக்கக் காலம். அந்த நேரத்தில் "வஞ்சிரம் பெரிதாக ஏன் இல்லை" என்று சண்டை போட்டு, வெளியூரிலிருந்து ஐஸில் வந்ததை இரட்டை விலைக்கு வாங்குகிறவர்கள் நிறைய. கட்டுமரம், ஃபைபர் போட்டுக்காரர்கள் கரையோரம் பிடித்து வரும் மத்தி, சங்கரா, காரப்பொடி கிடைக்கும், அதை வாங்குங்கள், இல்லை இரண்டு மாதம் கருவாடு தின்னுங்கள். சின்ன மீனின் ருசி தெரியாதவர்கள்தான் வஞ்சிரத்தில் தொங்குவார்கள். இந்தத் தடை அரசு போட்டது, மாம்பலம் அண்ணன் சந்தோஷப்படலாம்.

மாம்பலம்_கணக்கு:
சந்தோஷம்தான். தடை வேலை செய்கிறது, ஏனென்றால் படகு கரையில் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. "முடிந்தால் கொஞ்சம் குறைவாகப் பிடியுங்கள்" என்று மீனவருக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? போகியும் அப்படித்தான். டயர் கொளுத்தாதீர்கள் என்று வருடா வருடம் பிரசாரம் நடக்கிறது. 2018 போகியன்று புகையால் மீனம்பாக்கத்தில் விமானமே இறங்க முடியாமல் போனது.

நெட்டைப்பனை:
ஆனால் எங்கள் தெருவில் இப்போது யாரும் டயர் போடுவதில்லை. அபராதத்துக்குப் பயந்து இல்லை, பிள்ளைகள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து வீட்டில் கத்துவதால். இரண்டும் வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். நீங்கள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

மாம்பலம்_கணக்கு:
உங்கள் தெரு அப்படி. எங்கள் தெருவில் போன போகிக்கும் விடியற்காலை நாலு மணிக்குக் கறுப்புப் புகை. ஒரு தெருவை வைத்து ஊரைச் சொல்லாதீர்கள்.

குரோம்பேட்டை_புதுசு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மாடிக் குழாய் குழிக்குப் போகிறது, ஆனால் போன மழையில் குழி நிரம்பி வாசலில் நின்றது. என்ன செய்ய? அப்புறம் ஆர்.ஓ. (குடிநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம்) கழிவுத் தண்ணீரையும் அதில் விடலாமா?

தூதுவளை:
ஆர்.ஓ. கழிவை விடாதீர்கள், உப்பு மொத்தமும் நிலத்தடியில் சேரும். ஒரு லிட்டர் குடிக்க மூன்று லிட்டர் வரை அந்தக் கழிவு வரும், அதைத் தரை துடைக்க, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) பாருங்கள். 500-க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ.வே தேவையில்லை, அந்த அளவுக்குக் கீழே ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவு போட்டது. வாஷிங் மெஷின் தண்ணீரும் குழிக்கு வேண்டாம், வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்கள்.

நெட்டைப்பனை:
குழி நிரம்பியது என்றால் பெரும்பாலும் மேல் மணலில் வண்டல் படிந்து அடைத்திருக்கும். மேலே அரை அடி மணலை மட்டும் எடுத்துவிட்டுப் புது மணல் போடுங்கள், அடியில் இருக்கும் ஜல்லியைக் கலைக்க வேண்டாம். மாடியைப் பெருக்கிவிட்டு, முதல் மழைத் தண்ணீரை வெளியே திருப்பிவிட ஒரு வால்வு வையுங்கள். அதற்குப் பிறகும் நின்றால் அடியில் களிமண், துளைபோட்டுக் கீழே இறக்க வேண்டும், அதற்கு ஆள் வைத்துப் பாருங்கள். ஆவணியிலேயே கூப்பிடுங்கள், ஐப்பசியில் கூப்பிட்டால் ஒருத்தரும் வர மாட்டார்கள்.