தூதர் வீட்டு விருந்தில் பேசிய பீடிக் கணக்கு

தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு எப்போதாவது ஒரு தூதரகத்திலிருந்து இரவு விருந்துக்கு அழைப்பு வரும். நம் பக்கத்தில் பலர் "அதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று போகாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களோடு வேலை செய்கிறவள் நான். விருந்து நடந்தது டெல்லி சாணக்யபுரியில், ஒரு தூதரின் இல்லத்தில். எந்த நாடு, பக்கத்தில் இருந்தவர் யார் என்று எழுதப்போவதில்லை. விருந்து மேசையில் பேசியதைப் பேர் போட்டு வெளியே சொல்வது முறையில்லை.

அழைப்பு யார் பேருக்கு வந்ததோ அவர் மட்டும்தான் போகலாம். வருகிறோமா இல்லையா என்று உடனே பதில் சொல்லிவிட வேண்டும், ஒவ்வொரு நாற்காலிக்கும் ஆளை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். சைவமா, எது உடம்புக்கு ஆகாது என்பதையும் அதே பதிலில் சொல்லிவிடலாம், அதற்குத் தகுந்த தட்டு தனியாக வரும். உடை பற்றி அட்டையில் ஒரு வரி இருந்தது. கோட்டு சூட்டு, அல்லது தேசிய உடை. சேலைக்கு அது போதும். வீரவநல்லூர் செடிபுட்டா சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை அது, நம்ம ஊர்த் தறி. அதைப் பார்த்து விசாரித்தவர்களிடம் பேச்சைத் தொடங்குவது சுலபமாக இருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் செய்த ஒரு காரியத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எங்கள் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இன்ன இடத்துக்குப் போகிறேன், உங்களைப் பற்றி என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். யார் கதையைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று அவர்கள்தான் முடிவு செய்தார்கள். வயதில் மூத்த ஒருத்தி, "எக்கா, பாவம் பாவம்னு மட்டும் சொல்லிராதிய. நாங்க செய்யுற வேலையச் சொல்லுங்க, கணக்கச் சொல்லுங்க" என்றாள். வயதில் என்னைவிடப் பெரியவள், ஆனாலும் எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் நான் அக்காதான். திருக்குறள் எக்ஸ்பிரஸில் போகும்போது அவள் சொன்ன மாதிரியே கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி முடித்தேன்.

மேசை நாகரிகம் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். முள்கரண்டி, கத்தி வரிசையில் வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடுக்க வேண்டும். ரொட்டித் தட்டு இடது கைப் பக்கம், தண்ணீர் வலது கைப் பக்கம். வீட்டுக்காரர் தொடங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் கரண்டியையும் சேர்த்து வைத்துவிட்டால் தட்டை எடுத்துவிடுவார்கள். சரி, அவ்வளவுதான். குடியரசுத் தலைவர் பேரையும் அந்த நாட்டுத் தலைவர் பேரையும் சொல்லிக் கோப்பையை உயர்த்தும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள். மது வேண்டாம் என்றால் தண்ணீரையோ பழச்சாற்றையோ உயர்த்தலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வேறு நாட்டுத் தூதர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவர்களுக்குள் யார் முன்னால் என்பது எந்தத் தேதியில் இங்கே பொறுப்பேற்றார்கள் என்பதை வைத்துத்தான் முடிவாகிறது. 1961 வியன்னா ஒப்பந்தத்தில் இருக்கும் விதி. பெரிய நாடு, சின்ன நாடு என்ற பேச்சே கிடையாது. இதைக் கேட்டதும் எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது.

எனக்கு இடது பக்கம் ஒரு மருத்துவர். வலது பக்கம் தூதரகத்தில் தொழிலாளர், சுகாதார விஷயங்களைப் பார்க்கும் ஓர் அதிகாரி. இந்த மாதிரி விருந்தில் ஒருவரிடமே பேசிக்கொண்டு இருக்கக் கூடாது, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேச வேண்டும். ஆகவே அந்த அதிகாரியிடம் பேசக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். பேச்சு தொடங்கியதுமே அவர், "புகையிலையை ஒழிப்பதுதானே உங்கள் நோக்கமும்?" என்று கேட்டார்.

பீடி உடம்புக்குக் கேடு என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை என்று முதலில் சொன்னேன். புகையிலைத் தூள் வாடையிலேயே இருந்து இருமல், நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து கழுத்து வலி, இடுப்பு வலி, இதையெல்லாம் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். அப்புறம் வேலையை விளக்கினேன். பீடிக்கடையில் இலையும் தூளும் எடை போட்டுத் தருவார்கள். வீட்டில் இலையை நனைத்து, அளவாக வெட்டி, மடியில் தட்டை வைத்துச் சுற்றி, நூல் போட்டு, 25 பீடி ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. இலை மோசமாக இருந்து பற்றாமல் போனால் கைக்காசு போட்டு இலை வாங்க வேண்டும். சரியில்லை என்று கழித்துவிடும் பீடிக்குக் கூலி கிடையாது. இந்த இரண்டு ஓட்டையிலும் எவ்வளவு போகிறது என்பதுதான் நான் எழுதிக் கொண்டுபோன கணக்கு. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

2025 வரை நடப்பில் இருந்த 1966-ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்களையும் தொழிலாளி என்றே ஒத்துக்கொண்டது. தொழிலாளி அட்டை இருந்தால் பி.எஃப். உண்டு. அந்தப் பணத்தை நம்பித்தான் எத்தனையோ வீட்டில் படிப்பும் கல்யாணமும் நடக்கிறது. பீடிக்கென்று 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலித்து வந்த நல நிதி செஸ் என்ற தனி வரி, 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது எடுக்கப்பட்டது. இதையும் சொன்னேன். அப்புறம், உங்கள் நாடும் கையெழுத்துப் போட்டிருக்கிற புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 17-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று கேட்டேன். புகையிலைத் தொழிலை நம்பி வாழ்கிறவர்களுக்குப் பிழைக்க வழியாகும் மாற்று வேலைக்கு அரசுகள் உதவ வேண்டும் என்கிறது அது. 2004-இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை. தடை, வரி, எச்சரிக்கைப் படம் பற்றி எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். இந்தப் பிரிவைப் பற்றிப் பேச ஆள் இல்லை. எனக்கு அதில் உண்மையிலேயே ஆதங்கம் உண்டு, அதை மறைக்காமல் சொன்னேன்.

அவர் நல்ல மனதோடு, உங்கள் பெண்கள் குழுவுக்கே நேராக ஏதாவது உதவி அனுப்பலாமா என்றார். இந்த இடத்தில் தொண்டு நிறுவனக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டு அரசு தரும் பணமும் வெளிநாட்டுப் பங்களிப்புதான். 2010 வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ளவர்களுக்கும் பணம் முதலில் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். வந்ததை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரவும் முடியாது. நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. மேசையில் உட்கார்ந்து "சரி" என்று தலையாட்டிவிட்டால் பின்னால் சிக்கல் நமக்குத்தான். ஆகவே பணம் வேண்டாம், ஊருக்கு ஒரு தரம் வந்து பெண்களிடமே பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எந்த விருந்திலும் கேட்பதற்கு இதுதான் சரியான கோரிக்கை என்பது என் அபிப்பிராயம். பணம் கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

பரிசாகப் பத்தமடைப் பாய் ஒன்று கொண்டுபோயிருந்தேன். மேசையில் நீட்டாமல், உள்ளே நுழையும்போதே வரவேற்ற அலுவலரிடம் கொடுத்துவிட்டேன். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்தது என்று ஒரு சின்ன அட்டையும் வைத்திருந்தேன். முக்கிய விருந்தினர் கிளம்பும் வரை மற்றவர்கள் இருப்பதுதான் வழக்கம், நானும் இருந்தேன். மறுநாளே நன்றிக் கடிதமும் அந்த ஒரு பக்கக் கணக்கும் அனுப்பினேன்.

தூத்துக்குடிக்கு வேறு வேலையாக வந்தபோது அந்த அதிகாரி முக்கூடலுக்கும் வந்தார். மொழிபெயர்க்க மட்டும் நான் இருந்தேன். "பீடிய நிறுத்தணும்னு சொல்லுதிய, சரி. அதுக்குப் பதிலா என்ன வேலை வச்சிருக்கிய? வீட்டுல இருந்தே செய்யலாமா, பி.எஃப். உண்டுமா?" என்று பெண்கள் நேராகவே கேட்டார்கள். எழுத்தில் கொடுங்கள், எங்கள் சுகாதார அமைச்சகத்துக்கு அனுப்புகிறேன் என்றார். அந்தக் குறிப்பைத் தயாரித்துக்கொண்டு இருக்கிறோம். மேலப்பாளையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் பீடிப் பெண்களோடு வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இலை பற்றாக்குறைக்கும் கழிவுக்கும் உங்கள் ஊரில் எவ்வளவு போகிறது என்று எழுதுங்கள், அதையும் சேர்த்தே அனுப்பலாம். அந்தப் பெண்களிடம் முதலில் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.