கின்ஸி சகோதரர்களின் எல்பி: ஊசி தாவுகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, கின்ஸி ரிப்போர்ட் என்ற ப்ளூஸ் இசைக்குழுவின் 'எட்ஜ் ஆஃப் தி சிட்டி' எல்பி இசைத்தட்டு பழையதாக என்னிடம் வந்திருக்கிறது. 1987இல் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. அமெரிக்காவில் கேரி நகரத்துச் சகோதரர்கள் இவர்கள். டொனால்ட் கிட்டார், ரால்ஃப் டிரம்ஸ், கென்னத் பேஸ். அப்பா 'பிக் டாடி' கின்ஸி இரும்பாலையில் உழைத்த ப்ளூஸ் பாடகர். டொனால்ட், ரெகே பாடகர்கள் பாப் மார்லியோடும் பீட்டர் டாஷோடும் வாசித்தவர். மேலே ராக் கிட்டார் சீறும், அடியில் பேஸும் டிரம்ஸும் ஃபங்க் நடையில் துள்ளும், ஆனாலும் ப்ளூஸ் கைவிட்டுப் போகாது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தப் பிடிப்பு வரும் என்று தோன்றுகிறது.

சரி, சிக்கல் இதுதான். முதல் பக்கத்தில் ஒரே இடத்தில் ஊசி தாவுகிறது. கீறல் எதுவும் கண்ணில் படவில்லை. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தும் பயனில்லை. மற்ற தட்டுகள் ஒழுங்காக ஓடுகின்றன. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து கழுவலாமா? என்ன அளவில் கலப்பது? இல்லை, முதலில் ஊசி தட்டின்மேல் அழுத்தும் எடையைச் சரிபார்க்க வேண்டுமா? தட்டைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அப்புறம், அப்பாவும் மகன்களும் சேர்ந்து வாசித்த 'பேட் சிச்சுவேஷன்' எல்பி யாரிடமாவது இருக்கிறதா? ஒருமுறை கேட்டால் போதும்.